புவனேசன் வைத்த கூரை

"சுமாரா மூணு மீட்டர் இருக்கும்" என்று யாராவது போனில் சொன்னால் பிரேமலாவுக்குச் சாப்பிட்டது செரிக்காது. சுமாரான பொருளை எந்தக் கப்பலும் ஏற்றாது, எந்தப் பாலமும் சுமாராக எழுந்து நின்று வழிவிடாது என்பது அவள் கட்சி.

கோலசிலாங்கூர் டவுனில் ஜாபர் பாயின் சரக்கு ஏஜென்சியில் அவளுக்குப் பதினெட்டு வருஷ வேலை. கண்டெய்னருக்குள் அடங்குகிற சரக்கை மற்ற இரண்டு பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். அடங்காததெல்லாம் பிரேமலாவின் மேசைக்கு வரும். எண்ணெய் ஆலையின் கொதிகலன், மண் தோண்டும் எந்திரம், ஒருமுறை சுற்றுலாப் படகு ஒன்று. உயரமோ அகலமோ மிஞ்சிப்போன எதுவானாலும் அதை அளந்து, லோரி பிடித்து, சாலை பெர்மிட் எடுத்து, வழியெல்லாம் பார்த்து, கிள்ளான் துறைமுகத்தில் கப்பலில் இடம் பிடித்து ஏற்றிவிடுவது அவள் பொறுப்பு.

அவள் இந்த வேலைக்கென்று பிறந்தவள் இல்லை. பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்துத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவரின் மகள். படிப்பு முடிந்து அதே தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணிக்கு உதவியாக இருந்தாள். தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டதும் ஆபீசும் மூடியது. கல்யாணமாகி, மகள் பிறந்து, வேறு வேலை தேடி அலைந்தபோது ஜாபர் பாய் கூப்பிட்டு உட்கார வைத்தார். கணவர் சத்தியசீலன் செரண்டா தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் போய் வருகிற சாதுவான மனிதர். வீட்டுக்கு ஒருவர் கோபப்பட்டால் போதும் என்று அந்தப் பொறுப்பை மனைவியிடமே விட்டுவிட்டார்.

வேலைக்குச் சேர்ந்த நாலாம் வருஷம் ஓர் ஆலைக்குத் தண்ணீர்த் தொட்டி போயிற்று. ஆலைக்காரர் சொன்ன உயரத்தை அப்படியே பெர்மிட் விண்ணப்பப் பாரத்தில் எழுதினாள். தொட்டியின் மூடியை அந்த மனிதர் கணக்கில் சேர்க்கவில்லை. கம்பத்து வளைவு ஒன்றில் மூடி டெலிபோன் கம்பியை இழுத்தது, கம்பி தூணை இழுத்தது, தூண் ஒரு நாசிலெமாக் கடையின் மேல் சாய்ந்தது. யாருக்கும் அடியில்லை. கடைக்கார அம்மா மட்டும் சட்டியில் கிடந்த கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால்கூட பிரேமலாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அன்று முதல் அவள் கைப்பட அளக்காத எதற்கும் பாரம் எழுதுவதில்லை. லோரிக்காரர்கள் அவளுக்கு டேப்பு அக்கா என்று பேர் வைத்தார்கள். அவள் காதில் விழும்படியே கூப்பிட்டார்கள்.

புவனேசன் போன வருஷம் ஆகஸ்டில் அவள் மேசைக்கு வந்து சேர்ந்தார். வயது ஐம்பத்தெட்டு. சுங்கை பெசாரில் நெல் அறுவடை மெஷின் வைத்துக்கொண்டு மற்றவர்களின் வயலை அறுத்துக் கொடுத்துப் பிழைத்தவர். புது மெஷின்களோடு பெரிய ஆட்கள் இறங்கியதும் அவருக்கு வயல் குறைந்துவிட்டது. கடல் தாண்டி சபாவில் கோத்தா பெலுட் பக்கம் மெஷின் பற்றாக்குறை என்று பழைய கூட்டாளி ஒருவர் சொல்ல, மெஷினையும் தூக்கிக்கொண்டு தானும் போய்விடுவதென்று முடிவு செய்தார். அங்கே அக்டோபர் முதல் வாரம் அறுப்பு ஆரம்பம். செப்டம்பர் கடைசிக் கப்பலைத் தவறவிட்டால் பருவமே போயிற்று.

உயரம் எவ்வளவு என்று பிரேமலா கேட்டாள். மூன்று இருபது என்றார் புவனேசன். எங்கே அளந்தீர்கள் என்றாள். அளக்கவில்லையாம், வாங்கும்போது சொன்னார்களாம். வாங்கியது பதினாறு வருஷத்துக்கு முன்னால்.

மறுநாளே சுங்கை பெசாருக்குப் போனாள். வரப்போரக் கொட்டகையில் மெஷின் யானை மாதிரி நின்றது. ஏணி போட்டு ஏறி, நெல் தள்ளும் குழாயை மடக்கச் சொல்லி, அளந்தாள். மூன்று மீட்டர் தொண்ணூற்றைந்து. லோரியின் தட்டு தரையிலிருந்து தொண்ணூறு சென்டிமீட்டர். ஆக நாலு எண்பத்தைந்து. வழியில் ஒரு பழைய நடைபாலம் சரியாக ஐந்து மீட்டரில் நிற்கிறது, அதையும் தாண்டிவிடலாம். கப்பலுக்கு, கூரையும் பக்கச் சுவரும் இல்லாத, முன்னும் பின்னும் மட்டும் தடுப்புள்ள நாற்பதடித் தட்டு ஒன்று. மெஷினின் வெட்டும் பகுதியைக் கழற்றி நீளவாக்கில் பின்னால் வைத்தால் ஒரே தட்டில் இரண்டும் அடங்கும் என்று அங்கேயே குந்தி உட்கார்ந்து கணக்குப் போட்டாள். ஐம்பது சென்டிமீட்டர் மிச்சம். பிரேமலாவுக்கு அன்றைக்கு மனம் கொஞ்சம் குளிர்ந்தது. அதுதான் கடைசி.

அடுத்தது சுத்தம். ஓட்டின மெஷினை சபாவுக்குள் விட வேண்டுமென்றால் அதில் மண்ணோ நெல்லோ ஒரு துளி இருக்கக்கூடாது, புழுவும் களையும் கூடவே போய்விடும் என்பது விதி. பரிசோதிக்கும் அதிகாரி ரோஸ்னா கெடுபிடிக்காரர் இல்லை, ஆனால் கண் கூர்மையானவர். முதல் தடவை வந்து, புவனேசன் நாலு நாள் தண்ணீர் அடித்துக் கழுவிய மெஷினைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அடியில் ஒரு தகட்டைத் தட்டினார். ஒரு பிடி நெல் கொட்டியது. இரண்டாம் தடவை தட்டவே வேண்டியிருக்கவில்லை, புவனேசன் பெருமையாக எஞ்சினை முடுக்கிக் காட்டியபோது அதுவே உதறிக் கொட்டியது. பதினாறு வருஷத்து நெல். எந்த வயலுடையது என்று மெஷினுக்கே தெரியாது.

மூன்றாம் தடவைக்கு முன் பிரேமலாவே வந்து நின்றாள். கழற்றக்கூடிய தகட்டையெல்லாம் கழற்ற வைத்து, காற்றுக் குழாயைக் கையில் வாங்கி, பல்லி நுழையும் சந்து பொந்தையெல்லாம் ஊதினாள். தலை, காது, மூக்கெல்லாம் உமி. வீட்டுக்குப் போனதும் சத்தியசீலன் வாசலிலேயே நிறுத்தி, எந்த வயலில் வேலை கிடைத்தது என்று விசாரித்தார். அவள் சிரிக்கவில்லை. ஆனால் ரோஸ்னா மூன்றாம் முறை வந்து, தட்டி, குனிந்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

செவ்வாய்க்கிழமை லோரி. வியாழன் மாலை நாலு மணியோடு துறைமுகத்தில் இந்தக் கப்பலுக்குச் சரக்கு வாங்குவது முடிந்துவிடும். சாலை பெர்மிட் மூன்று நாளுக்கு, காலை பத்திலிருந்து மாலை நாலு வரைதான் ஓட்டலாம்.

காலை ஒன்பது மணிக்கு டிரைவர் செல்வாவின் லோரியோடு பிரேமலாவும் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தாள். இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டாள். மெஷின் பளபளவென்று பச்சை பெயின்டில் நின்றது. அதன் தலைமேல், ஓட்டுகிறவர் உட்காரும் இடத்துக்கு மேலே, நாலு இரும்புக் காலில் புத்தம்புதிதாக ஒரு தகரக் கூரை. கீழே புவனேசன் சட்டையெல்லாம் பெயின்டோடு, கல்யாண வீட்டுக்காரர் மாதிரி சிரித்தபடி நின்றார்.

"இது எப்ப வந்துச்சு, அண்ணே?"

"ஞாயித்துக்கிழமை லா, தங்கச்சி. வெல்டிங் பண்ணிட்டேன். கெட்டியா இருக்கும்."

பிரேமலா ஏணியை எடுத்தாள். நாலு மீட்டர் பதினேழு. இருபத்திரண்டு சென்டிமீட்டர் கூடுதல். லோரியில் ஏற்றினால் ஐந்து மீட்டர் ஏழு. நடைபாலத்தில் இடிக்கும். பெர்மிட்டில் உயரம் வேறு. கப்பலுக்குக் கொடுத்த கணக்கும் வேறு. உயரம் மாறியது என்று தெரிந்தால் இந்தக் கப்பலில் இடமில்லை என்று சொல்லிவிடுவார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைப்பார்கள் என்று கேட்டிருக்கிறாள், உடைத்த தாழிக்குப் பச்சை பெயின்ட் அடித்துக் காட்டும் ஆளை இப்போதுதான் பார்க்கிறாள்.

ஏணியிலிருந்து இறங்கிப் பேசினாள். அளந்தபிறகு எதையும் மாற்றக்கூடாதென்று எத்தனை தடவை சொன்னேன் என்றாள். அவர் இது மாற்றம் இல்லை, கூரைதானே என்றார். கூரை உயரத்தில் சேராதா என்றாள். லேசான தகரம்தான் என்றார். செல்வா திரும்பி நின்று லோரிச் சங்கிலியை எண்ணிக்கொண்டிருந்தான், சிரிப்பை அடக்கத் தோள் குலுங்கியது.

அறுத்துவிட வேண்டியதுதான் என்று பிரேமலா சொன்னதும் புவனேசனின் முகம் மாறியது. அவர் மெஷினின் சக்கரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். வேண்டுமானால் மெஷினையே விட்டுவிட்டுப் போ, கூரையில் கை வைக்காதே என்றார். ஐம்பத்தெட்டு வயது மனிதர் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, பத்து மணி அடித்து, பெர்மிட் நேரம் ஓட ஆரம்பித்தது. பிரேமலாவுக்கு அழுகை வரும் போல இருந்தது, வரவில்லை. அவள் எதிரே ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள்.

அப்போதுதான் அவர் காரணத்தைச் சொன்னார். போன பருவத்தில் வயல் நடுவே வெயிலில் மயங்கி விழுந்தாராம். மெஷின் ஓடிக்கொண்டே போய் வாய்க்கால் கரையில் முட்டி நின்றதாம். நெல் அள்ள வந்தவர்கள்தான் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மனைவி லெட்சுமி இருந்தவரை தலையில் ஈரத் துண்டு போட்டுவிட்டுத்தான் மெஷினில் ஏறவிடுவாள், அவள் போய் மூன்று வருஷம். "அங்க எனக்கு யாரையும் தெரியாது, தங்கச்சி. விழுந்தா தூக்க ஆள் வேணுமில்ல. அதான் விழாம இருக்க வழி பண்ணிக்கிட்டேன்."

பிரேமலாவின் எரிச்சல் அடங்கவில்லை. ஆனால் அது திசை மாறிவிட்டது. இதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருந்தால் அப்போதே வழி பார்த்திருப்பேனே என்று அவர்மேல் இன்னும் கொஞ்சம் கோபம் வந்தது. எழுந்து, கூரையின் நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். பிறகு டவுனில் வெல்டிங் கடை வைத்திருக்கும் ஆளைப் போனில் பிடித்து உடனே வரச் சொன்னாள். நாலு காலையும் அறுத்து, அறுத்த இரண்டு முனையிலும் சதுரத் தகடு வைத்து, போல்ட் ஓட்டை போட வேண்டும். கூரை தனியாகப் படுத்துக்கொண்டு போகும், அங்கே போய் போல்ட்டை முடுக்கினால் எழுந்து நிற்கும்.

வெல்டிங்காரர் வந்து முடிக்க மணி இரண்டரை. பிரேமலா அளந்தாள். மூன்று தொண்ணூற்றெட்டு. தகடு மூன்று சென்டிமீட்டர் மேலே துருத்திக்கொண்டிருந்தது. இன்னும் தாழ்த்தி அறுக்கச் சொன்னாள். வெல்டிங்காரர், மூணு சென்டிதானே என்றார். அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்க வேண்டாம். அதற்குப் பிறகு அரைமணி நேரம் கொட்டகையில் அரவை சத்தம் தவிர வேறு சத்தமில்லை. மூன்று தொண்ணூற்றைந்து வந்தபோது மணி மூன்று. நாலுக்குள் கிள்ளானுக்குப் போக வழியில்லை. ஜாபர் பாய்க்குப் போன் செய்து, லோரி இன்றைக்கு நகராது என்றாள். அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு கேட்டது. முன்னும் பின்னும் வரும் காவல் வண்டிகளை நாளைக்கு மாற்றுவது யார் என்று கேட்டார். நான்தான் என்று சொல்லி வைத்தாள்.

புதன்கிழமை காலை மெஷின் லோரியில் ஏறியது. புவனேசனே ஓட்டி ஏற்றினார், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் ஏற்றிய பிறகு அவர் நின்ற தினுசு பிரேமலாவுக்குப் பிடிக்கவில்லை. நெல் தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேண்டாத விஷயமெல்லாம் பேசினார். பதினெட்டு வருஷத்தில் சரக்குக்காரர்களின் முதுகை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். ஏணியைக் கொண்டுவரச் சொன்னாள்.

தொட்டிக்குள் மெத்தை ஒன்று சுருட்டிக் கிடந்தது. குக்கர், மேசை விசிறி, இரண்டு பானை, துணி மூட்டை, துணிக்குள் பொதிந்த மனைவியின் படம். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சாக்கு. அவிழ்த்தாள். விதை நெல். ஐந்து கிலோ இருக்கும்.

ஒரு மணி நெல் இல்லை என்று அரசாங்க முத்திரை குத்திய காகிதம் அவள் பையில் இருக்கிறது. அந்தக் காகிதத்துக்காக அவள் உமி தின்றிருக்கிறாள்.

ஏணியின் உச்சியில் நின்றபடியே சொன்னாள். "அண்ணே, இந்த மூட்டையோட துறைமுகத்துல பிடிச்சா, உங்க மெஷின் போகாது. அதுக்கு அப்புறம் நான் அனுப்புற எந்த மெஷினும் போகாது. நான் சொல்றத யாரும் நம்ப மாட்டாங்க. எனக்கு இருக்கிறது அது ஒண்ணுதான்."

குரல் உயரவில்லை. அதனாலேயே கொட்டகையில் எல்லாரும் வேலையை நிறுத்தினார்கள். புவனேசன் தலையைக் குனிந்துகொண்டார். குத்தகைக்கு எடுத்திருந்த துண்டு நிலத்தில் தானே விளைவித்த கடைசி நெல் என்று முணுமுணுத்தார். வாடகை வீட்டையும் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டாராம். திரும்பி வருவதாக உத்தேசமில்லை, அதனால் இருப்பதையெல்லாம் ஒரே இடத்தில் போட்டுவிட்டாராம். இதையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

பிரேமலா ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே கொடுத்தாள். செல்வா வாங்கி வரிசையாக வைத்தான். விதை நெல் பக்கத்து வயல்காரருக்குப் போயிற்று. மெத்தையும் பானையும் சபாவிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று தீர்மானித்தாள், அவரைக் கேட்கவில்லை. குக்கரையும் விசிறியையும் துணியையும் தபாலில் அனுப்ப ஆபீசுக்கு ஏற்றிக்கொண்டாள். படத்தை அவர் கையில் கொடுத்து, இதை விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டு போங்கள் என்றாள். பிறகு தொட்டியை இரண்டு தடவை காற்றடித்து, தரையோடு தரையாக முகத்தை வைத்துப் பார்த்தாள். சாக்கு ஓட்டை வழியே விழுந்த பதினோரு நெல்மணி கிடைத்தது. பதினோரு மணியையும் பொறுக்கினாள். அப்படியும் மனம் ஒப்பாமல் ரோஸ்னாவை அழைத்து நடந்ததைச் சொன்னாள். மறைத்திருக்கலாம், மறைக்கத் தெரியவில்லை. ரோஸ்னா, பக்கத்தில்தான் இருக்கிறேன், வருகிறேன் என்றார். நாலாவது முறையாக வந்து, தொட்டியைப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு, புவனேசனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

பதினொன்றேகாலுக்கு லோரி கிளம்பியது. முன்னால் விளக்குச் சுழலும் வண்டியில் பிரேமலா. தஞ்சோங் காராங் தாண்டி, கோலசிலாங்கூர் தாண்டி, மணிக்கு முப்பது கிலோமீட்டரில் ஊர்ந்தார்கள். பின்னால் சேர்ந்த கார்காரர்கள் அடித்த ஹார்ன் அவள் மண்டைக்குள் போய்க் குடியேறியது. நடைபாலத்துக்கு நூறு மீட்டர் முன்னால் வண்டியை நிறுத்தி இறங்கினாள். நாலு எண்பத்தைந்து என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் சாலையோரம் நின்று கையைக் காட்டிக் காட்டி, செல்வாவை அடி அடியாக வரவைத்தாள். பாலத்தின் அடிவயிற்றுக்கும் மெஷினுக்கும் நடுவே ஒரு சாண் வெளிச்சம் தெரிந்தது. அந்த வெளிச்சம் முழு நீளமும் நகர்ந்து முடியும்வரை அவள் கையை இறக்கவில்லை.

மூன்று ஐம்பதுக்குத் துறைமுக வாசல். வியாழன் காலை மெஷின் தட்டில் ஏறி, பின்னால் வெட்டும் பகுதி அவள் போட்ட கணக்குப்படியே அடங்கி, அதன்மேல் கூரை படுத்துக்கொண்டது. சங்கிலி இறுக்கியாயிற்று. அளப்பவர் வந்து அளந்து, மூன்று தொண்ணூற்றைந்து என்று எழுதினார். பிரேமலா அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். அங்கிருந்த கேன்டீனில் மீகோரெங் வாங்கி, நின்றபடியே தின்றாள். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

கப்பல் ஒரு நாள் தாமதமாகத்தான் புறப்பட்டது. அந்த ஒரு நாளை முன்கூட்டியே சொல்லியிருந்தால் என்ன என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை, கேட்கத் தெம்பில்லை. புவனேசன் கோத்தா பெலுட்டில் அறுப்பை நாலு நாள் பிந்தித் தொடங்கினார் என்று ஜாபர் பாய் மூலம் தெரிந்தது. நாற்பது ஏக்கருக்கு மேல் அறுத்தாராம், மயங்கி விழவில்லையாம். அடுத்த மாதம் ஜாபர் பாய் புதுப் பாரம் அச்சடித்தபோது பிரேமலா அதில் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்: அளந்த பிறகு எதையும் பொருத்தவோ ஒட்டவோ உள்ளே வைக்கவோ கூடாது. மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் போட்டார்கள். அதைப் படித்துக் கையெழுத்திட்ட முதல் ஆள், மறுநாளே தன் ஜெனரேட்டருக்குப் புகைக்குழாய் மாட்டிவிட்டு வந்து நின்றார்.

இந்த வருஷம் மார்ச்சில் ஒரு மத்தியானம் புவனேசன் போன் செய்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார். சத்தியசீலன் எப்படி, மகள் எப்படி என்று கேட்டார். அங்கே மழை என்றார். பக்கத்து வீட்டில் அந்த மண்ணின் கடசான் இனத்துக் குடும்பம் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிடுகிறார்கள் என்றார். பிரேமலா பேனாவையும் பேப்பரையும் எடுத்து வைத்துக்கொண்டு, விஷயம் எப்போது வரும் என்று காத்திருந்தாள்.

"என்ன அனுப்பணும், அண்ணே?" என்று கடைசியில் அவளே கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல, தங்கச்சி. சும்மாதான் கூப்பிட்டேன்."

போனை வைத்த பிறகும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. சாயங்காலம் ஆபீஸ் மூடும்போது ஜாபர் பாயிடம், புவனேசன் அண்ணன் கூப்பிட்டார், ஒன்றும் வேண்டாம் என்கிறார் என்று புகார் போலச் சொன்னாள். நல்லதுதானே என்றார் அவர். நல்லதுதான் என்று ஒப்புக்கொண்டு, கைப்பையை மாட்டிக்கொண்டு, பத்தாங் பெர்ஜுந்தாய் பஸ்ஸுக்கு நடந்தாள்.